சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியோடு நீங்கள் சேர்த்து எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால், உங்களைக் குழப்புவது ஒன்றோடொன்று பொருந்தாத எண்கள்தான் என்று தெரிகிறது. ஓரிடத்தில் 15,349 கி.மீ. என்று பார்த்திருக்கிறீர்கள், இன்னோரிடத்தில் 16,700 கி.மீ. என்று படித்திருக்கிறீர்கள். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்து முதல் எண்ணை வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது; பயணச்சீட்டிலோ பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறது. அதே சீட்டில், நள்ளிரவில் புறப்படும் விமானம் அன்று விடியற்காலையிலேயே தரையிறங்குவதாகவும் இருக்கிறது. எழுபதை நெருங்கும் உங்கள் தாயாரைத் தனியாக அனுப்பப் போகிறீர்கள். ஆகவே இந்த எண்களில் எதை நம்பித் திட்டமிடுவது, எது நாளுக்கு நாள் மாறக்கூடியது என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் விமானப் பயணங்களுக்குப் பாதையும் எரிபொருளும் கணக்கிட்டுக் கொடுக்கும் டிஸ்பாட்ச் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். இந்தக் குறிப்பிட்ட தடத்துக்கு நான் திட்டம் வகுத்ததில்லை; ஆனால் தூரம், காற்று, வான்வெளி அனுமதி, எரிபொருள் ஆகிய நான்கையும் பொருத்திப் பார்க்கும் முறை எல்லா நீண்ட தடங்களுக்கும் ஒன்றுதான். கீழே வடிவியல் கணக்காகச் சொல்பவை எந்த நாளிலும் மாறாதவை. காற்றையும் பாதையையும் பற்றிச் சொல்பவை பொதுவான போக்குகள் மட்டுமே. உங்கள் தாயார் பயணம் செய்யும் நாளில் அவை எப்படி அமையும் என்பதை இப்போதே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

முதலில் மாறாததைப் பார்ப்போம். பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, அவ்விரண்டையும் பூமியின் மையத்தையும் சேர்த்து வெட்டும் பெருவட்டத்தின் ஒரு வில். பொதுவாக இதைக் கணக்கிடக் கோள முக்கோணவியல் வேண்டும். ஆனால் சிங்கப்பூர், நியூயார்க் இரண்டின் இருப்பிடமும் விந்தையாக அமைந்திருப்பதால், இந்த ஒரு தடத்துக்கு மட்டும் கூட்டலும் பெருக்கலும் போதும். சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ வடக்கு அட்சம் 1.4 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 104 பாகையிலும் இருக்கிறது. நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வடக்கு அட்சம் 40.6 பாகை, மேற்குத் தீர்க்கம் 73.8 பாகை. தீர்க்கங்களைக் கூட்டினால் 177.8, அதாவது இரண்டு நகரங்களும் உலக உருண்டையின் நேர் எதிர்ப் பக்கங்களில், அநேகமாக ஒரே தீர்க்க வட்டத்தின் இரு பாதிகளில் இருக்கின்றன. ஆகவே மிகக் குறுகிய வழி என்பது சிங்கப்பூரிலிருந்து நேர் வடக்கே போய், வட துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் நேர் தெற்கே இறங்குவதுதான். சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் 49.4 பாகை, மொத்தம் 138 பாகை. பூமியில் ஒரு பாகை சராசரியாக 111.2 கி.மீ. இரண்டையும் பெருக்கினால் 15,346 கி.மீ. வருகிறது.

நீங்கள் பார்த்த 15,349 என்ற எண்ணுக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது பாருங்கள். மிச்சமுள்ள சிறு வேறுபாடு இரண்டு காரணங்களால் வருவது. பூமி முழுமையான உருண்டை அல்ல; நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. எந்த வடிவத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தத் தடத்தில் சுமார் 10 கி.மீ. வரை மாறும். மேலும், உண்மையான பெருவட்டம் துருவத்தின் உச்சியைத் தொடுவதில்லை. அதிலிருந்து ஏறத்தாழ இரண்டரைப் பாகை, அதாவது சுமார் 280 கி.மீ. விலகிச் செல்கிறது. நியூயார்க் பகுதிக்கு மற்றொரு வாசலான நெவார்க் விமான நிலையத்துக்குக் கணக்கிட்டால் 15,344 கி.மீ. கிடைக்கும். ஆகவே 15,340 முதல் 15,350 வரை எந்த எண்ணைப் பார்த்தாலும் அவை எல்லாம் ஒரே தூரத்தைத்தான் சொல்கின்றன. அந்த 10 கி.மீ. விமானத்துக்கு நாற்பது வினாடிப் பயணம். அதற்காகக் குழம்பத் தேவையில்லை.

இந்தப் பாதையைச் சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் பார்க்க முயலாதீர்கள். அத்தகைய வரைபடங்கள் பலவற்றில் துருவமே இடம்பெறாது. உலக உருண்டையை எடுத்து, சிங்கப்பூரில் ஒரு நூலின் நுனியை விரலால் அழுத்தி, மறுமுனையை நியூயார்க்கில் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா, வட துருவக் கடல், கனடா வழியாக விழும். பசிபிக் பெருங்கடலும் அதில் வராது, அட்லாண்டிக்கும் வராது. பார்த்தவுடன் நம்பக் கடினமாக இருந்தாலும் அதுவே நேர் வழி.

ஆனால் உங்கள் தாயாரின் விமானம் அந்த வழியில் போவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. 16,700 என்ற இரண்டாவது எண், விமானம் உண்மையில் சுற்றிப் போகும் பாதையின் நீளம். நேர் வழியில் போகாததற்கு இன்றைய முதல் காரணம், அந்த நூல் சைபீரியாவை முழுக்க வெட்டிச் செல்கிறது என்பது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் உட்படப் பல நாடுகளின் விமானங்கள் ரஷ்ய வான்வெளியைப் பயன்படுத்துவதில்லை. இதனால் வரும் நேர வேறுபாடு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதற்கு ஹெல்சிங்கி – டோக்கியோ தடம் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்விரு நகரங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் சுமார் 7,800 கி.மீ.; ரஷ்யா வழியாகப் போனபோது ஒன்பதரை மணி நேரத்தை ஒட்டி எடுத்த பயணம், சுற்றிப் போக வேண்டிவந்ததும் பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. நகரங்களும் நகரவில்லை, விமானத்தின் வேகமும் குறையவில்லை. தூரக் கணக்கியில் இன்றைக்கும் அதே எண்தான் வரும். நேரம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு சார்ந்தது. இரண்டு எஞ்சின் விமானம் ஒரு எஞ்சினை இழந்தால், மீதமுள்ள ஒன்றைக் கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இறங்கத்தக்க ஒரு விமான நிலையம் வழி நெடுக எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 வகைக்கு இந்த வரம்பு 370 நிமிடங்கள் வரை சான்றளிக்கப்பட்டிருக்கிறது என்பதால், துருவப் பகுதி அதற்கு எட்டாதது அல்ல. இருந்தாலும் சான்று இருப்பது வேறு, கடும் குளிரில் சில நூறு பயணிகளை இறக்கித் தங்கவைக்க வசதியுள்ள ஓர் ஊர் அன்றைக்கு அங்கே கிடைப்பது வேறு. துருவத்தை ஒட்டிப் பறக்கும்போது எரிபொருளின் வெப்பநிலையையும் கண்காணிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ், அங்கே வெளிக்காற்று அதைவிடக் குளிராக இருப்பது வழக்கம். சூரியப் புயல் வீசும் நாட்களில் அந்த அட்சங்களில் வானொலித் தொடர்பும் கெடும். இவை ஒவ்வொன்றையும் சமாளிக்க வழிமுறைகள் உண்டு; பல நிறுவனங்கள் துருவ வழியில் பறந்தும் இருக்கின்றன. ஆனால் இவ்வளவையும் ஏற்றுக்கொண்டு அந்த வழியில் போவதற்குத் தக்க இலாபம் அன்றைக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்வது பெரும்பாலும் காற்றுதான்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் பயண நேரத்தைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான விடைகள் இதைத் தொடாமலே விட்டுவிடுகின்றன. நடு அட்சங்களில், தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் எனப்படும் ஒடுங்கிய, வேகமான காற்று ஓடுகிறது. நடுக்கோட்டுப் பகுதிக்கும் துருவப் பகுதிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டாலும் பூமியின் சுழற்சியாலும் உண்டாவது இது. அந்த வேறுபாடு குளிர்காலத்தில் அதிகமாவதால் காற்றும் அப்போது வலுக்கிறது. மணிக்கு 150, 200 கி.மீ. என்பது சாதாரணம், ஜப்பானுக்குக் கிழக்கே குளிர்காலத்தில் 300 கி.மீ.யைத் தாண்டும் நாட்களும் உண்டு. பெரிய விமானங்கள் பறக்க விரும்பும் உயரமும் அதுவே. ஆற்றோட்டத்தில் செல்லும் தோணியைப் போலத்தான் விமானமும்: காற்றுக்குள் அதன் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்றால், தரையின் மீது அது நகரும் வேகம் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. போகும்போது காற்று உதவும், வரும்போது தடுக்கும், ஆகவே இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16,700 கி.மீ. தூரத்தைக் காற்றில்லாமல் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் கடக்க 18.6 மணி நேரம். வழி நெடுகச் சராசரியாக மணிக்கு 100 கி.மீ. பின்காற்று இருந்தால் 16.7 மணி நேரம். அதே அளவு எதிர்க்காற்று இருந்தால் 20.9 மணி நேரம். உதவியால் மிச்சமாவது இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. தடையால் இழப்பது இரண்டே கால் மணி நேரத்துக்கும் மேல். எதிர்க்காற்றில் விமானம் மெதுவாக நகர்வதால், அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் இருக்க வேண்டிவருகிறது. ஆகவே எதிர்க்காற்றைத் தவிர்ப்பதற்காகச் சில நூறு கிலோமீட்டர், ஏன், ஆயிரம் கிலோமீட்டர்கூடச் சுற்றிப் போவது பல நாட்களில் இலாபமாகவே முடியும்.

சிங்கப்பூர் – நியூயார்க் தடத்தின் தனி அழகு இந்த இடத்தில்தான் தெரிகிறது. இரண்டு நகரங்களும் எதிர் எதிர்த் தீர்க்கங்களில் இருப்பதால், கிழக்கு வழியாகப் போனாலும் மேற்கு வழியாகப் போனாலும் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ சுமார் 5,360 கி.மீ., டோக்கியோவிலிருந்து நியூயார்க் சுமார் 10,830 கி.மீ.; கூட்டினால் 16,200 கி.மீ.யை ஒட்டி வருகிறது. மறுபக்கம் நியூயார்க்கிலிருந்து இஸ்தான்புல் சுமார் 8,050 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 8,680 கி.மீ.; கூட்டினால் 16,700 கி.மீ.யை ஒட்டி வருகிறது. துருவத்தை ஒட்டிய குறுகிய வழியோடு ஒப்பிட்டால் ஆறு முதல் ஒன்பது விழுக்காடுதான் அதிகம். பின்காற்று அந்த வேறுபாட்டை ஈடுகட்டிவிடுமானால் எந்த டிஸ்பாட்ச்சரும் தயங்கமாட்டார். ஆகவே நியூயார்க் போகும் விமானம் வழக்கமாக ஜப்பானை ஒட்டி வடகிழக்காகப் போய், வட பசிபிக்கைக் கடந்து, அமெரிக்கக் கண்டத்தின் குறுக்கே கிழக்கு நோக்கிச் செல்கிறது. திரும்பும் விமானம் பசிபிக் வழியிலும் வருவதுண்டு. பல நாட்களில் அது அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, ஆசியா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே பறந்து சிங்கப்பூர் சேர்கிறது. அப்படி அமைந்தால் போய்த் திரும்பும் பயணி உலகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுகிறார். என் தொழிலில் என்னை இன்றும் வியக்கவைக்கும் தடங்களில் இது ஒன்று.

இதில் எது உறுதி, எது ஐயத்துக்குரியது என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். காற்று மேற்கிலிருந்து கிழக்காக ஓடும், குளிர்காலத்தில் வலுக்கும் என்பது உறுதி. குறிப்பிட்ட ஒரு நாளில் அது எந்த அட்சத்தில் ஓடும் என்பது உறுதியில்லை. ஜெட் காற்றோட்டம் நெளிந்து நெளிந்து, நாள்தோறும் இடம் மாறக்கூடியது. அதனால்தான் வட பசிபிக்கின் மேலும் வட அட்லாண்டிக்கின் மேலும் விமானங்கள் செல்ல வேண்டிய தடங்களை அன்றன்றைய காற்று முன்னறிவிப்பைப் பார்த்து நாள்தோறும் புதிதாக வகுக்கிறார்கள். விமானத்தின் இறுதித் திட்டம் புறப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்தான் உருவாகிறது. இன்று போன பாதையைவிட நாளைய பாதை நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் தெற்கே இருப்பது இயல்பான செய்தி. வழியில் ஒரு சூறாவளியோ, வட பசிபிக்கின் ஓரத்தில் உள்ள கம்சட்கா, அலூஷியன் பகுதிகளில் எரிமலைச் சாம்பலோ, திடீரென மூடப்படும் ஒரு வான்வெளியோ இருந்தால் இன்னும் மாறும்.

அடுத்தது வேகம். ஏ350 விமானம் வழக்கமாகப் பறப்பது மாக் 0.85 வேகத்தில். மேலே காற்றின் வெப்பநிலை மைனஸ் 55 பாகையை ஒட்டி இருக்கும்போது ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கி.மீ.; அதில் 0.85 பங்கு ஏறத்தாழ 900 கி.மீ. ஆக, நீங்கள் எடுத்துக்கொண்ட எண் சரியானதே. ஆனால் அது முழு உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம். மேலேறும் முதல் அரை மணி நேரத்திலும் இறங்கும் கடைசி அரை மணி நேரத்திலும் வேகம் குறைவு. மேலும், விமான நேர அட்டவணையில் அச்சிடப்படும் நேரம் வானில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் வாசலை விட்டுப் பின்னோக்கித் தள்ளப்படும் கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் வாசலில் வந்து நிற்கும் கணம் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும், இறங்கியபின் நிறுத்துமிடம் தேடிப் போவதும் அதில் அடங்கும். நியூயார்க் போன்ற நெரிசலான நிலையங்களில் இது ஒரு பக்கத்துக்கே இருபது முதல் நாற்பது நிமிடம் பிடிக்கலாம். இவற்றோடு, பருவம் முழுவதற்கும் ஒரே நேரத்தை அறிவிக்க வேண்டியிருப்பதால், காற்று ஒத்துழைக்காத நாட்களிலும் தாமதமாகாமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே நேரத்தைக் குறிக்கின்றன. பதினேழு மணிக்கும் பதினெட்டு மணி நாற்பது நிமிடத்துக்கும் இடையே நீங்கள் கண்ட இடைவெளி, நீண்ட பாதையும் இந்தத் தரை நேரமும் இந்தக் கூடுதல் ஒதுக்கீடும் சேர்ந்தது; பின்காற்று அதில் ஒரு பகுதியைக் குறைத்துக் கொடுக்கிறது.

நடந்த ஒரு பயணத்தை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபர் 11-ஆம் தேதி நெவார்க்குக்கு இந்த நேரடிச் சேவையை மீண்டும் தொடங்கியபோது, அறிவிக்கப்பட்ட நேரம் 18 மணி 45 நிமிடம், அறிவிக்கப்பட்ட பாதைத் தூரம் சுமார் 16,700 கி.மீ. அந்த முதல் விமானம் போய்ச் சேர எடுத்துக்கொண்டது 17 மணி 52 நிமிடம். அன்றைய பாதையும் 16,700 கி.மீ.யை ஒட்டியே இருந்தது என்று கொண்டால், சராசரி வேகம் மணிக்கு 935 கி.மீ. ஆகிறது, காற்றில்லாத வேகத்தைவிட அது அதிகம். அறிவிக்கப்பட்ட நேரத்தைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் குறைவாக எடுத்துக்கொண்டதில் எந்த அதிசயமும் இல்லை.

கடிகாரத்தைப் பற்றிய உங்கள் ஐயம் எளிதில் தீரக்கூடியது. சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி நேரமும், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 4 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடைவெளி குளிர்காலத்தில் 13 மணி நேரம், கோடையில் 12 மணி நேரம். நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூர்க் கடிகாரத்தில் மாலை 6:40. அதிலிருந்து 12 கழித்தால் நியூயார்க்கில் அதே நாள் காலை 6:40, 13 கழித்தால் 5:40. திரும்பும்போது நேர் எதிராக நடக்கும்: திங்கள் இரவு 10:30-க்கு நியூயார்க்கை விட்டால், 18 மணி 50 நிமிடம் கழித்து அங்கே செவ்வாய் மாலை 5:20, சிங்கப்பூரிலோ புதன் விடியற்காலை 5:20 அல்லது 6:20. செவ்வாய்க்கிழமையின் பெரும்பகுதி வானிலேயே போய்விடும். திரும்பும் நாளில் யாராவது அழைத்துப்போக வர வேண்டுமென்றால் தேதியை இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. விமானம் பசிபிக் வழியாகத் தேதிக் கோட்டைத் தாண்டி வருகிறதா, ஐரோப்பா வழியாக வருகிறதா என்பதால் இறங்கும் உள்ளூர் நேரத்தில் எந்த மாற்றமும் வராது.

இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் பறப்பது எப்படி முடிகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 2004 முதல் 2013 வரை நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500 விமானங்களால் நெவார்க்குக்கு இந்தச் சேவை நடந்தது. அவை உட்கொண்ட எரிபொருளின் செலவைத் தாங்க முடியாமல் நிறுத்தப்பட்டது. இப்போது பறப்பது ஏ350-900 யூ.எல்.ஆர். என்ற, மிக நீண்ட தூரத்துக்கென்றே மாற்றியமைக்கப்பட்ட இரட்டை எஞ்சின் விமானம். அதன் எரிபொருள் அமைப்பு 1,65,000 லிட்டர் கொள்ளும். சாதாரண வகையைவிட 24,000 லிட்டர் அதிகம். முழுமையாக நிரப்பினால் எரிபொருளின் எடை மட்டும் 130 டன்னை ஒட்டும். விமானம் மேலெழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன். அதாவது புறப்படும்போது எடையில் ஏறத்தாழ பாதி எரிபொருள். ஏற்றும் எரிபொருளில் ஒரு பகுதி, மீதி எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிகிறது என்பதால், தூரம் கூடக் கூடச் செலவு அதைவிட வேகமாகக் கூடும். அதனால்தான் இந்த விமானத்தில் 161 இருக்கைகள் மட்டும். எகானமி வகுப்பே இல்லை, பிசினஸும் பிரீமியம் எகானமியும்தான். உயரமும் அப்படித்தான்: கனமாக இருக்கும் முதல் சில மணி நேரம் தாழ்வான உயரத்தில் பறந்து, எரிபொருள் கரையக் கரையப் படிப்படியாக மேலே ஏறுவார்கள். நான்கு விமானிகள் முறை வைத்து ஓய்வெடுத்து ஓட்டுகிறார்கள்.

இனி உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். வரைபடத் தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் பதினேழு மணி நேரத்தை நம்பி எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். பயணச்சீட்டில் உள்ள புறப்படும், சேரும் நேரங்களையே அடிப்படையாக வையுங்கள். அவை இந்தக் காரணங்களையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு வகுக்கப்பட்டவை. நியூயார்க்கில் அழைத்துப்போக வருபவர் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே விமானம் இறங்கிவிடக்கூடும் என்பதை அறிந்திருக்கட்டும்; ஆனால் குடிவரவுச் சோதனைக்கும் பெட்டிகள் வருவதற்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது பறக்கும் நேரத்தைவிடக் கணிக்க முடியாதது. பயண நாள் நெருங்கும்போது, விமானங்களை நேரலையாகக் காட்டும் தளங்களில் அதே எண்ணுள்ள விமானம் முந்தைய ஏழு நாட்களில் எந்தப் பாதையில் போனது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பாருங்கள். ஒரு வாரத்தின் காற்றுப் போக்கு அடுத்த நாளும் ஓரளவு தொடரும் என்பதால், பொதுவான எந்தக் கணக்கியையும்விட அது சிறந்த மதிப்பீட்டைத் தரும். மூன்று மாதம் கழித்துச் செய்யும் பயணத்துக்கு இன்றைய பதிவுகள் அவ்வளவாக உதவாது. குளிர்காலமும் கோடையும் இந்தத் தடத்தில் வெவ்வேறு பயணங்கள்.

பதினெட்டு மணி நேரம் தொடர்ந்து அமர்ந்திருப்பது அவருக்குக் கடினம் என்று நினைத்தால், அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க்குக்குச் சேவை நடத்துகிறது. சிங்கப்பூர் – ஃபிராங்ஃபர்ட் சுமார் 10,280 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200 கி.மீ.; மொத்தத் தூரம் நேரடி விமானம் பறக்கும் பாதையைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் மேற்கு நோக்கிப் போவதால் எதிர்க்காற்றும், இடையில் நிற்கும் நேரமும் சேர்ந்து, மொத்தம் ஒரு முழு நாளை ஒட்டிவிடும். நடுவில் எழுந்து நடமாட ஓர் இடைவெளி கிடைக்கிறது என்பதும், இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்பதும் ஒன்றையொன்று ஈடுசெய்யுமா என்பதை, அவரை அறிந்த நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த வழியில் போனாலும், நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால், உள்ளூர்க் கடிகாரத்தைப் பார்த்து எடுக்க வேண்டாம். கடைசியாக எடுத்ததிலிருந்து கழிந்த மணி நேரங்களை எண்ண வேண்டும். நள்ளிரவில் ஏறி விடியற்காலையில் இறங்கியதாகக் கடிகாரம் காட்டும்போது, உடலுக்கு நடுவே முக்கால் நாள் கழிந்திருக்கிறது. முக்கியமாக இன்சுலின் போன்றவற்றுக்கு, புறப்படும் நேரம், பறக்கும் மணி நேரம், இறங்கும் ஊரின் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவருடைய மருத்துவரிடம் காட்டி, எந்தெந்த வேளைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்; அந்த முடிவை நானோ இங்கே பதிலளிக்கும் வேறு எவருமோ எடுக்கக்கூடாது.